சாமுவேல் பீப்ஸும் அவர் புத்தகசாலையும்

தாம் இயற்றிய நூல்களால் புகழ் பெற்ற அறிஞர் பலர். பிறர் இயற்றிய நூல்களைச் சிதையாமற் காத்துவைத்துப் புகழ் பெற்றவர் மிகச் சிலரே. அச்சிலருள் முன்வைத்து எண்ணத்தக்கவர் சாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கிலேயர். ஒரு கலாசாலையில் மாணவராயிருந்து, வாழ்நாளெல்லாம் தேடிய புத்தகச் செல்வத்தை அக்கலாசாலைக்கே உரித்தாக்கியவர் அவர். ஆதலின் அவருடைய சரித்திரத்தை நம் மாணவ நேயர்கள் அறிதல் நலமெனக் கருதி, ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பீப்ஸ் 1633-ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 23-ஆம் நாள் லண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் தையற்காரர், தாயார் விவாகத்துக்கு முன் துணி வெளுக்கும் பணிப்பெண்ணாயிருந்தவர். செல்வமில்லாத குடியிற் பிறந்தும், செயின்ட் பால் பாடசாலையிற் பயின்று, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையைச் சார்ந்த மாடலின் கலாசாலையிற் சேர்ந்து, 1654-இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு எலிசபெத் என்னும் இளநங்கையை மணம் புரிந்தார். 1658-இல் கல்லடைப்பு நோய்க்காகச் சஸ்திர சிகிச்சை செய்துகொண்டார். மயக்க மருந்து அறியாத அக்காலத்தில் அதனால் உயிர் நீத்தவர் பலர். பிழைத்தெழுந்த பீப்ஸ், தம் உடலிலிருந்து எடுத்த கல்லை ஒரு பேழையில் இட்டுப் பத்திரப்படுத்தினார். எதனையும் எறிந்துவிட மனம் ஒவ்வாத அவர் இயல்புக்கு இஃதொரு சான்றாகும்.

உறவினரான மாண்டகு பிரபுவின் ஆதரவால் 1660-இல் கப்பற்படை நிர்வாக சபையில் எழுத்தராக அமர்ந்தார். கப்பலின் பாய்மரம் முதல் மாலுமிகளின் உணவு வரை யாவற்றின் கணக்கையும் தாமே நேரிற் கண்டு கற்றுப் படிப்படியாக உயர்ந்தார். இரண்டாம் சார்லஸ், இரண்டாம் ஜேம்ஸ் ஆகிய இரு மன்னர் காலத்திலும் கடற்படைக் காரியதரிசியாக விளங்கினார். ராயல் சொஸைட்டி என்னும் விஞ்ஞானக் கழகத்தின் தலைவராக இருந்தபோது, நியூட்டன் இயற்றிய பெருநூலுக்கு அச்சிடும் அனுமதி வழங்கினார். 1687-இல் வெளிவந்த அந்நூலின் முகப்பில் பீப்ஸின் பெயரை இன்றும் காணலாம்.

அவர் பெயரை உலகறியச் செய்தது அவர் எழுதிய நாட்குறிப்பாகும். 1660-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி 1669-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் வரை, சுருக்கெழுத்தில் ஆறு சம்புடங்களாக அதனை எழுதினார். 1665-இல் நிகழ்ந்த கொள்ளைநோயும், 1666-இல் லண்டனை அழித்த பெருந்தீயும் அதில் நேரிற் கண்டாற்போல விளங்குகின்றன. தாம் பெற்ற கையுறைகளையும், மனைவிக்கு இழைத்த துரோகங்களையும் ஒளியாமல் அதில் வரைந்திருக்கிறார். அவர் குற்றமற்ற சான்றோர் என்று நாம் கூற முன்வரவில்லை. தம் குற்றங்களையும் குறித்துவைத்த மனத்துணிவு அவரிடம் இருந்தது என்பதையே கூறுகின்றோம். கண்பார்வை அறவே போய்விடுமென்று அஞ்சி நாட்குறிப்பை நிறுத்தினார். ஆயினும் பார்வை போகவில்லை. அவ்வாண்டின் நவம்பரில் போனது அவருடைய மனைவியின் உயிரே.

இனி, அவரது புத்தகசாலையைப் பற்றிச் சிறிது விரித்துரைப்போம். இளமையில் அவர் வாங்கிய நூல்கள் நாளடைவில் அறையை நிறைத்து, நாற்காலிகளின்மேலும் ஒன்றன்மேலொன்றாகக் கிடந்தன. 1665-இல் பழைய புத்தகங்கள் பலவற்றை ஒருசீராகப் புதுக்கட்டடம் செய்வித்தார். 1666-ஆம் ஆண்டின் கோடையில், கப்பல் துறையைச் சார்ந்த தச்சர் ஒருவரைக்கொண்டு கண்ணாடிக் கதவுள்ள ஓக் மரப் பேழைகளைச் செய்வித்தார். அவை வந்து சேர்ந்த சில நாட்களுக்குள், செப்டம்பர் 2-ஆம் நாள், பெருந்தீ மூண்டது. பீப்ஸ் தம் பொருள்களை நகர்ப்புறத்துக்கு அனுப்பினார். தீ அவர் வீட்டை அணுகாமல் ஓய்ந்தது. புத்தகங்கள் திரும்பி வந்தபோது பெரிய நூல்கள் நாலைந்து காணப்படாமையால் வருந்தி, பின்னர் அவை அகப்பட்டபோது பெருமகிழ்வுற்றார். ஆனால் செயின்ட் பால் தேவாலயத்தின் நிலவறையில் புத்தக வியாபாரிகள் அடைக்கலமாக வைத்த நூல்களெல்லாம் சாம்பராயின. அவருக்கு நூல் விற்றுவந்த வியாபாரியும் அதனால் பொருளிழந்து நலிந்தார். 1673-இல் மற்றொரு தீ பீப்ஸின் வீட்டையே எரித்தது. அப்போதும் தம் நூல்களைக் காத்துக்கொண்டார். காகிதம் எத்துணை எளிதில் அழியும் பொருள் என்பதை அவரைப்போல் கண்ணாரக் கண்டவர் சிலரே.

அவர் சேர்த்தவற்றில் அருமையானவை பல உண்டு. ஆங்கில நாட்டில் முதன்முதல் அச்சுத்தொழிலை நிறுவிய காக்ஸ்டனின் பதிப்புகளும், எட்டாம் ஹென்றியின் கப்பல்களை வண்ணத்தில் தீட்டிய ஏடுகளும் அவற்றுட் சேர்ந்தவை. ஆயினும் நம் உள்ளத்தை மிகுதியாகக் கவர்வன, அக்காலத்தில் தெருவில் ஒரு பென்னிக்கு விற்ற சிறுநூல்களே. நம் நாட்டுக் குஜிலிப் பாட்டுப் புத்தகங்களையும் கொலைச்சிந்துகளையும் போன்றவை அவை. மரக்கட்டையிற் செதுக்கி அச்சிட்ட கரடுமுரடான படங்களுடன், நகைச்சுவைக் கதைகளையும் பக்திப் போதனைகளையும் தாங்கிச் சந்தைதோறும் உலவின. வாங்கியவர்கள் படித்தபின் அடுப்பெரிக்கவும் பொட்டலம் கட்டவும் அவற்றைப் பயன்படுத்தினர். கற்றறிந்தோர் கண்ணெடுத்தும் பாரார். பீப்ஸோ நகைச்சுவை நூல்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஒருங்கு சேர்த்தும், பக்தி நூல்களைத் தனியே தொகுத்தும் கட்டடம் செய்வித்தார். தெருப்பாட்டுத் தாள்கள் ஏறத்தாழ 1,800-ஐ ஐந்து பெருஞ்சம்புடங்களில் ஒட்டிவைத்தார். மற்றெங்கும் ஒரு பிரதியேனும் எஞ்சாத பாட்டுகள் பல அவற்றுள் உள்ளன.

அவர் முறையிலும் குறையுண்டு. சம்புடத்தின் அளவுக்கு இசையவேண்டிப் பாட்டுத் தாள்களின் ஓரங்களை நறுக்கினார். பலவற்றை இரண்டாக வெட்டியும் ஒட்டினார். ஒரு நூலின் புதிய பதிப்பு வந்தால், பழையதை அகற்றிவிடுவார். ஷேக்ஸ்பியர் நாடகங்களின் மூன்றாம் பதிப்பை வைத்திருந்தவர், நான்காம் பதிப்பு வெளிவந்ததும் அதனையே மேலெனக் கொண்டார். பழம்பதிப்புக்கே விலை மிகுதி என்னும் இக்காலத்தார் இதனைக் கேட்டு நகைப்பர்.

இக்காலத்துச் சேகரிப்போர் வழக்கம் வேறு. அமெரிக்க நாட்டில் படக்கதைப் புத்தகங்களைச் சேர்ப்போர், அவற்றின் தூசு துடைத்து, மடிப்புகளை அழுத்தி நிமிர்த்தி, படம் வரைந்தவரின் கையொப்பத்தைச் சாட்சியொருவர் முன்னிலையிற் பெறுகின்றனர். பின்னர்த் தரம் மதிப்பிடும் நிலையத்தாரிடம் ஒப்புவிக்கின்றனர். அந்நிலையத்தார் ஓரம், முதுகு, கம்பித் தையல் ஆகியவற்றை ஆராய்ந்து, 10-ஐ மேலெல்லையாகக்கொண்டு ஓர் எண் இட்டு, ஒளி ஊடுருவும் உறையில் அடைத்து முத்திரையிடுகின்றனர். தெருவில் விற்ற சிறுநூலையும் பொன்னெனப் போற்றும் அன்பு, அவர்களுக்கும் பீப்ஸுக்கும் பொதுவானது. ஆனால் முத்திரையை உடைத்தாலன்றி அந்நூலின் உட்பக்கத்தை ஒருவரும் படிக்க இயலாது. உடைத்தாலோ இட்ட தரம் செல்லாது. பீப்ஸின் தாள்களில் நறுக்கிய குறை இருப்பினும், மூன்று நூற்றாண்டுகளாக ஆராய்ச்சியாளர் அவற்றைத் திறந்து பயின்று வருகின்றனர். நூலின் உடலைக் காப்பதும் அதன் பயனைக் காப்பதும் எப்போதும் ஒன்றாக அமைவதில்லை.

1689-இல் உத்தியோகம் துறந்தபின் முதுமைக் காலத்தை அவர் நூல்களின் ஒழுங்கிலேயே செலவிட்டார். மொத்தம் 3,000 என வரையறுத்து, மிகச் சிறிய நூல் முதலாகவும் மிகப் பெரியது இறுதியாகவும் எண்ணிட்டார். உயரம் குறைந்தவற்றின் கீழ்த் தோல் போர்த்த மரக்கட்டைகளை வைத்து வரிசையைச் சமப்படுத்தினார். தம் உருவமும், பிணைந்த நங்கூரங்களும் பொறித்த அடையாளச் சீட்டுகளை நூல்களில் ஒட்டுவித்தார். 1703-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் உயிர் நீத்தார். மருகர் ஜான் ஜாக்ஸனின் ஆயுட்காலத்துக்குப் பின், 1724-இல், நூல்கள் பன்னிரண்டு பேழைகளுடன் மாடலின் கலாசாலையை அடைந்தன. ஒரு நூலும் கூடலாகாது, குறையலாகாது. குறையின் யாவும் டிரினிட்டி கலாசாலைக்கு உரியனவாகும். அக்கலாசாலையார் ஆண்டுதோறும் வந்து பார்வையிடலாம் என்பன அவர் விதித்த நிபந்தனைகள். நூல்கள் கூடாமலும் குறையாமலும் இன்றளவும் காக்கப்பட்டு வருகின்றன.

நாட்குறிப்பின் ஆறு சம்புடங்களும் அப்பேழைகளில் நூறாண்டு உறங்கின. 1819-இல் ஜான் ஸ்மித் என்னும் ஏழை மாணவர் அவற்றைப் படித்தறியும் வேலையை ஏற்று, மூன்றாண்டு இரவும் பகலும் உழைத்து முழுவதையும் பெயர்த்தெழுதினார். 1825-இல் அதன் ஒரு பகுதி முதன்முதல் அச்சாயிற்று. அச்சுருக்கெழுத்தைக் கற்பிக்கும் ஷெல்டன் என்பவரின் நூல், அதே புத்தகசாலையிலேயே இருந்தது. அதனை அம்மாணவருக்கு எடுத்துக் காட்டுவார் ஒருவருமில்லை. திறவுகோலையும் பூட்டையும் பீப்ஸ் ஒருங்கே வைத்துச் சென்றார். பின் வந்தோர் திறவுகோலை நோக்கினாரில்லை. காத்துவைத்தல் பாதிப் பணியே. காத்தவற்றை அறிந்து எடுத்துப் பயன்படுத்துவார் வேண்டும்.

மாணவ நண்பர்களே! பீப்ஸைப்போல் மூவாயிரம் நூல்கள் தேட நம்மால் இயலாமற் போகலாம். ஆயினும் சந்தையில் விற்கும் பாட்டுப் புத்தகம், திருவிழாவில் வழங்கும் துண்டுப் பிரசுரம், பாட்டனார் கையெழுத்திட்ட பழைய பாடப்புத்தகம் ஆகியன நம் வீடுகளிலும் கிடக்கின்றன. அற்பமென்று பலரும் எறிவனவே விரைவில் அரியனவாகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் தூசு தட்டி, நாளும் ஊரும் குறித்து, நம் கலாசாலைப் புத்தகசாலையிற் சேர்ப்போமாக. சேர்த்தபின், அதனைத் திறந்து படிப்போமாக.