திருநீலகண்டக் குயவனார்

மண்ணுள் புதைந்த ஊர்களை இன்று நமக்கு அறிவிப்பவை மட்கலங்களே. ஆதிச்சநல்லூரிலும், நம் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022 முதல் நடந்த அகழாய்விலும் அவை வெளிப்பட்டன. ஆயினும் அவற்றை வனைந்தோர் பெயரை நாம் அறியோம். பெயரோடு நிலைத்த குயவர் ஒருவர் தமிழகத்தில் உண்டு. அவரே தில்லைத் திருநீலகண்டர். சுந்தரர் அடியார்களை வரிசைப்படுத்தியபோது, தில்லைவாழ் அந்தணரை அடுத்து இவரையே வைத்தார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இவர் வரலாற்றை விரித்துரைத்தார்.

மண்ணைப் பிசைந்து, திகிரியில் ஏற்றி வனைந்து, உலர்த்திச் சூளையிற் சுட்டெடுப்பது இவர் தொழில். அத்தொழிலால் வாழ்ந்த இவர், சிவனடியார்களுக்குத் திருவோடுகளை விலையின்றி வழங்கி வந்தார். ஈகைக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை என்பதை இவர் வாழ்வு காட்டுகிறது.

இளமையில் இவர் ஒருமுறை வழுவிப் பரத்தையிடம் சென்றார். மனைவியார் வெகுண்டு, தம்மைத் தீண்டலாகாதெனத் திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டார். அவ்வாணை பன்மைச் சொல்லால் அமைந்தமையின், பெண்டிர் எவரையும் மனத்தாலும் தீண்டுவதில்லையென இவர் உறுதி பூண்டார். ஒரு சிறு மனையில், அயலார் அறியாவண்ணம், இருவரும் முதுமை எய்துமளவும் அவ்வாறே வாழ்ந்தனர்.

பின்னர்ச் சிவயோகியார் ஒருவர் தம் ஓட்டினை இவரிடம் அடைக்கலமாகத் தந்து சென்றார். நெடுநாள் கழித்து அவர் வந்து கேட்டபோது, வைத்த இடத்தில் அது இல்லை. வேறு நல்ல ஓடு தருவதாக இவர் வேண்டியும் அவர் ஏற்கவில்லை. மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்யுமாறு வற்புறுத்தினார். வழக்கு தில்லைவாழ் அந்தணர் அவைக்குச் சென்றது. அவையோரும் அவ்வாறே செய்யப் பணித்தனர்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். கைப்பற்றி மூழ்கியிருந்தால் வழக்கு அப்பொழுதே முடிந்திருக்கும், ஆணையோ முறிந்திருக்கும். இவர் மூங்கில் தண்டின் ஒரு முனையைத் தாமும் மறுமுனையை மனைவியாரும் பற்றிக் குளத்தில் இறங்கினார். யோகியார் அதனையும் மறுக்கவே, தம் பழைய பிழையையும் ஆணையையும் அனைவரும் கேட்க எடுத்துரைத்தார். மூழ்கியெழுந்த இருவரும் இளமை பெற்றனர் என்றும், வந்தவர் சிவபெருமானே என்றும் பெரியபுராணம் கூறும். சிதம்பரத்து இளமையாக்கினார் கோயில் இன்றும் இதனை நினைவூட்டுகிறது.

இளைஞர்களே! செய்தொழிலைக் காட்டி மனிதரைத் தாழ்த்திய இந்நாட்டில், தம் தொழிலின் பெயராலேயே போற்றப்பெற்றவர் இவர். அவைமுன் நின்ற அவ்வெளியவர்க்குப் பொருளும் துணையாகவில்லை, சுற்றமும் துணையாகவில்லை. தம் பிழையையும் மறையாத வாய்மையே துணையாயிற்று. வன்னியம்பட்டியில் நாம் பெறும் கல்வி, எந்த அவையிலும் தலைநிமிர்ந்து உண்மை உரைக்கும் ஆற்றலை நமக்கு அளிப்பதாகுக.