தேக்கங்காட்டில் உறங்கும் துரை

பிள்ளைகளே, தேக்கு மரத்தின் தளிர் இலையைக் கசக்கிப் பார்த்திருக்கிறீர்களா? மருதாணி வைத்ததுபோல உள்ளங்கை சிவந்துவிடும். வத்தலக்குண்டில் நான் ஆசிரியராக இருந்தபோது, தோப்பு வழியாக நடந்து வரும் பையன்கள் சிலர் சிவந்த கையோடுதான் வகுப்புக்குள் நுழைவார்கள். அடிபட்டுவிட்டது, எழுத முடியாது என்று ஏமாற்றப் பார்த்தவர்களும் உண்டு!

எங்கள் பக்கம் தென்னந்தோப்பு ஓரத்திலும் வரப்பிலும் தேக்கு வைப்பார்கள். பெண் குழந்தை பிறந்ததும் நட்டுவைத்தால் அவள் கல்யாணத்துக்கு உதவும் என்று ஒரு கணக்கு. கொஞ்சம் அவசரக் கணக்குதான். நன்றாக வைரம் பாய்ந்த தேக்கு வேண்டுமென்றால் ஐம்பது, அறுபது ஆண்டுகளாவது பொறுத்திருக்க வேண்டும். நட்டவர் ஒருவர், வெட்டிப் பயன் பெறுபவர் அவருடைய பேரப்பிள்ளை. அப்படித் தெரிந்தே ஒரு மலை முழுக்கத் தேக்கை வளர்க்க முனைந்தவர்தான் ஹ்யூகோ வுட் என்ற ஆங்கிலேயர். வுட் என்றாலே ஆங்கிலத்தில் மரம் என்று பொருள். பெயரும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இவர் 1870-ல் பிறந்தார். இந்திய வனப் பணியில் சேர்ந்தார். முதல் உலகப் போர் நடந்த ஆண்டுகளில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் ஆனைமலைக் காடுகள் இவர் பொறுப்புக்கு வந்தன. அப்போது அந்தக் காடு இருந்த நிலை பரிதாபமானது.

அதற்குக் காரணம் தேக்கின் நல்ல குணங்களே! தேக்கில் இயற்கையாகவே ஓர் எண்ணெய் உண்டு. அதனால் கரையான் எளிதில் அண்டாது. தண்ணீரில் கிடந்தாலும் சீக்கிரம் மக்காது. எனவே கப்பல் கட்டுவதற்கு இதைவிட நல்ல மரம் இல்லை என்று ஆங்கிலேயர் கண்டுகொண்டார்கள். 1817-ல் பம்பாயில் தேக்கால் கட்டிய டிரிங்கோமலி என்ற போர்க்கப்பல் இருநூறு ஆண்டுகள் கடந்தும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் மிதந்துகொண்டிருக்கிறது. இலங்கையிலுள்ள திருகோணமலையின் பெயர்தான் அதற்கு.

பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்கு ஆனைமலைத் தேக்கும் போயிற்று. பிறகு ரயில் வந்தது. தண்டவாளத்துக்கு அடியில் வைக்க மரக்கட்டைகள் வேண்டுமே! மறுபடியும் கோடரி காட்டுக்குள் நுழைந்தது. வெட்டிய மரங்களை யானைகள் மலை உச்சிக்கு இழுத்து வரும். அங்கிருந்து சரிவில் உருட்டிவிடுவார்கள். அவை வழுக்கிக்கொண்டு கீழே போய்ச் சேரும். அந்த இடத்துக்குத்தான் டாப்சிலிப் என்று பெயர் வந்தது. மரங்கள் போய்க்கொண்டே இருந்தன. மலை மொட்டையாகிக்கொண்டே வந்தது.

வுட் இரண்டு வழிகளைக் கையாண்டார். கரும்பை வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு முளைக்கிறது அல்லவா? தேக்கும் அப்படித்தான். வேரோடு பெயர்க்காமல் தரையோடு ஒட்டி வெட்டிவிட்டால், கட்டையிலிருந்து பல தளிர்கள் கிளம்பும். நல்லதாக ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிட்டால், அது மரமாகிவிடும். வேர் ஏற்கெனவே ஆழமாக இருப்பதால் வளர்ச்சியும் வேகம். வெட்டவெளியான இடங்களில் புதிதாகத் தேக்கு வளர்த்தார்.

அவரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். உலாவப் போகும்போது சட்டைப் பை நிறையத் தேக்கு விதை எடுத்துக்கொள்வாராம். கைத்தடியின் நுனியில் வெள்ளிப் பூண் இருக்குமாம். அந்தத் தடியால் தரையில் ஒரு குத்து, குழியில் ஒரு விதை, மேலே மண். பிறகு அடுத்த அடி. இப்படியே நாள்தோறும்!

போட்ட விதையெல்லாம் முளைத்திருக்குமா என்று கேட்பீர்கள். முளைத்திருக்காது. தேக்கு விதையின் ஓடு மிகக் கெட்டி. அதனால்தான் இன்று நாற்றங்கால் போடுகிறவர்கள் விதையைத் தண்ணீரில் ஊறவைப்பதும் வெயிலில் காயவைப்பதுமாகப் பல நாள் மாற்றி மாற்றிச் செய்து, பிறகு விதைக்கிறார்கள்.

ஒரே ஆள் தடியால் குத்தி ஒரு காடு வந்துவிடவும் இல்லை. மலசர், காடர் முதலிய மலைவாழ் மக்கள் பாடுபட்டார்கள், யானைகளும் உழைத்தன. கதை சொல்லும்போது அவர்களை விட்டுவிடுகிறோம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேக்கு மட்டுமே நிற்கும் இடம் முழுமையான காடு ஆகாது. மூங்கிலும் பழ மரங்களும் இருந்தால்தானே யானைக்கும் இருவாச்சிப் பறவைக்கும் சாப்பாடு? பணம் தரும் மரம் என்பதால் அந்தக் காலத்து அரசு தேக்கையே பெரிதாக நினைத்தது. வுட்டும் அந்த அரசின் அதிகாரிதான். ஆனாலும் வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளாமல் வளர்க்கவும் செய்தார்.

1926 வரை ஆனைமலையில் இருந்துவிட்டுப் பிறகு குன்னூரில் வசித்தார். 1933 டிசம்பர் 12 அன்று காலமானார். தான் வளர்த்த தேக்குகளின் நடுவிலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்படியே டாப்சிலிப் அருகே மவுண்ட் ஸ்டுவர்ட்டில் அடக்கம் செய்தார்கள். கல்லறையில் லத்தீன் மொழியில் ஒரு வரி இருக்கிறது. அவருடைய நினைவுச் சின்னத்தைத் தேடுகிறவர்கள் சுற்றிலும் பார்க்கட்டும் என்பது அதன் பொருள்.

2007-ல் அந்தப் பகுதி ஆனைமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மலையேறிப் போக வேண்டும்.

நாங்கள் ஒருமுறை பள்ளிச் சுற்றுலாவாகப் போனோம். மாசி மாதம். தேக்கு இலையுதிர்க்கும் காலம். கல்லறைமேல் முறம் முறமாகச் சருகு கிடந்தது. பையன்கள் அதை விலக்கி வுட்டின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். ஒருவன் மட்டும் கீழே கிடந்த விதைகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். ஊரில் நடப்போகிறானாம். காட்டிலிருந்து எதையும் எடுத்துப் போகக் கூடாது என்று வனக்காவலர் சொன்னார். முகம் வாடிப்போய், ஒவ்வொன்றாக எடுத்து, சருகை ஒதுக்கி, மண்ணில் அழுத்திவிட்டு வந்தான்.