டெனிஸ் ரிச்சி: நிரலின் முதல் வரிக்குப் பின்னால் இருந்தவர்

உயர்தர வகுப்பில் நாம் பைத்தன் நிரல் எழுதும்போது, உச்சியில் ‘இம்போர்ட்’ என்று போடுகிறோம். அதற்கு மூத்தது சி மொழியின் ‘இன்க்ளூட்’. அந்த மொழியை ஆக்கியவர் டெனிஸ் ரிச்சி.

1941 செப்டெம்பர் 9இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தை பெல் ஆய்வுகூடத்தில் விஞ்ஞானி. ஹார்வார்டில் பௌதிகவியல் படித்த மகனும் 1967இல் அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார். 1968இல் கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதி முடித்தார். ஆனால் கட்டிய பிரதியை நூலகத்தில் ஒப்படைக்கவில்லை; பட்டமும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் ஒரு பிள்ளை இப்படிச் செய்தால் உம்மா சும்மா விடுவாரா?

ஆய்வுகூடத்தில் கென் தொம்சனுடன் சேர்ந்து யுனிக்ஸ் இயங்குதளத்தில் உழைத்தார். அந்த வேலைக்காகவே 1971 முதல் 1973 வரை சி மொழி உருவானது. பெரிய நிரலைப் பல கோப்புகளாகப் பிரித்தால், ஒரே விபரத்தை ஒவ்வொன்றிலும் கையால் எழுதவேண்டும். ஓரிடத்தில் மாற்றி மற்றோரிடத்தில் மறந்தால் எல்லாம் குழம்பும். ஏனைய சில மொழிகளில் இருந்த வழியைப் பின்பற்றி சியிலும் ‘இன்க்ளூட்’ சேர்க்கப்பட்டது. பொது விபரத்தைத் தலைப்புக் கோப்பொன்றில் ஒருமுறை எழுதினால் போதும். ‘இன்க்ளூட்’ வரியைக் கண்டதும், தொகுப்பதற்கு முன்பே அந்தக் கோப்பு முழுவதும் அவ்விடத்தில் அப்படியே ஒட்டப்படும்.

பெருநாள் உடுப்பைக் களுவாஞ்சிக்குடியில் தைக்கக் கொடுப்பதை நினையுங்கள். எந்தத் துணி, என்ன அளவு கொடுக்கவேண்டும், என்ன உடுப்பு வரும் என்பது நமக்குத் தெரிந்தால் போதும். தையல் வேறிடத்தில் நடக்கும். தலைப்புக் கோப்பிலும் பெரும்பாலும் சார்புகளின் பெயரும், அவை வாங்குவதும் தருவதும் மட்டுமே இருக்கும். செய்யும் வேலை பின்னர் இணைக்கப்படும். ஒரே கோப்பு இரண்டு முறை ஒட்டப்பட்டால் சில வேளை பிழை வரும். அதைத் தடுக்கக் காவல் வரிகள் எழுதுவார்கள். பைத்தனின் ‘இம்போர்ட்’ இப்படி ஒட்டுவதில்லை; கோப்பை ஒருமுறை இயக்கி நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆனாலும் நாம் வழமையாகப் பாவிக்கும் பைத்தனே சியில் எழுதப்பட்டதுதான்!

1973இல் யுனிக்ஸ் சி மொழியில் மீள எழுதப்பட்டது. 1978இல் பிரையன் கெர்னிகனுடன் சேர்ந்து சி மொழிக்கு நூல் எழுதினார். 1983இல் தொம்சனும் அவரும் டியூரிங் விருது பெற்றார்கள்.

2011 ஒக்டோபர் 5இல் ஸ்டீவ் ஜொப்ஸ் காலமானபோது உலகமே துக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, நியூஜேர்சியில் தனியே வாழ்ந்த ரிச்சி வீட்டில் இறந்து கிடந்தது தெரியவந்தது. செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. ஜொப்ஸின் ஐபோன் யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளத்தில் ஓடுவதை எண்ணும்போது எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

ஒப்படைக்காத அந்த ஆய்வேட்டின் பிரதி பின்னர் கிடைத்தது. 2020இல் அமெரிக்காவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் அதை எல்லோரும் வாசிக்க வெளியிட்டது.