மெழுகுவர்த்திக் கடையில சஷ்டி விரதம்: மாயூரம் முன்சீப் சொல்லிக் கொடுத்த பாடம்

ஓம் சரவணபவ! 🙏

எனக்கு ஊர் வேளாங்கண்ணி. மாதா கோயில் கடைத்தெருவுல எங்க குடும்பத்துக்கு மெழுகுவர்த்திக் கடை. போன கந்த சஷ்டிக்கு விரதம் இருந்துக்கிட்டே பகல்ல கடையிலயும் உட்கார்ந்தேன். முருகனுக்கு விரதம் இருக்கிறவன் மாதாவுக்கு மெழுகுவர்த்தி விக்கலாமான்னு பெரியப்பா கேட்டுட்டார். மனசு கலங்கிடுச்சு. அப்பதான் மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஞாபகம் வந்தார்.

1826-ல் திருச்சி பக்கம் குளத்தூரில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம்னு நம்ம டெல்டாவிலேயே முன்சீப்பா இருந்தார். 1879-ல் வந்த தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரம் இவர் எழுதினதுதான்.

யோசிச்சுப் பாருங்க. இவர் வெள்ளைக்கார அரசாங்கத்தோட நீதிபதி. வழக்காட வர்ற ஜனங்களுக்கோ இங்கிலீஷ் தெரியாது. உத்தியோகத்தையும் விடலை, ஜனங்களையும் விடலை. மேல்கோர்ட் தீர்ப்புகளைத் தமிழில் திரட்டி, சித்தாந்த சங்கிரகம்னு புத்தகமாவே போட்டுட்டார்.

சமயத்திலும் அப்படித்தான். மாதா மேல் அந்தாதி பாடினார். அதே கையால் திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரைப் போற்றியும் பாடினார். சைவப் பெரும்புலவர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவருக்கு உயிர் நண்பர். அவர் இவரைப் பாட்டுடைத் தலைவனா வெச்சு 'குளத்தூர்க் கோவை' பாடினார். ரெண்டு பேருமே தங்கள் சமயத்தைக் கைவிடலை, நட்பையும் கைவிடலை.

அப்புறம் வந்தது 1876-78 பெரும் பஞ்சம். அப்போ அவர் உத்தியோகத்திலிருந்து விலகியாச்சு. எந்தச் சட்டமும் அவரைக் கேட்கப் போறதில்லை. ஆனாலும் சொந்தப் பணத்தைப் போட்டுப் பசிச்சவங்களுக்குக் கஞ்சி ஊத்தினார். இவங்க எந்தச் சாமியைக் கும்பிடுறாங்கன்னு பார்க்கலை. நந்தனார் சரித்திரம் பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியார், நெகிழ்ந்துபோய் இவர் மேல கீர்த்தனையே பாடிட்டார். 1878-ல் எல்லா மதத்தாரும் பாடுற மாதிரி சர்வ சமய சமரசக் கீர்த்தனையை வெளியிட்டார் வேதநாயகம் பிள்ளை. 1889-ல் காலமானார்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். ஒரு கடமைக்காக இன்னொண்ணை அவர் வெட்டி எறியலை. எந்த இடத்துல நின்னாரோ, அந்த இடத்துக்கு நேர்மையா இருந்தார். பசின்னு வந்தவன் முன்னாடி மட்டும் மத்ததெல்லாம் பின்னாடி போச்சு.

அஞ்சாம் நாள் சாயங்காலம் கடையைச் சாத்திட்டு சிக்கல் போனேன். சிங்காரவேலவர் அம்மாகிட்ட வேல் வாங்குறதைக் கண்குளிரப் பார்த்தேன். மறுநாள் காலையில வழக்கம்போல கடையைத் திறந்தேன். விரதமும் கெடலை, வியாபாரமும் கெடலை.

பெரியப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லலை. இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போறேன். 😊

வேலும் மயிலும் துணை! 🦚