நவாப் வாங்கிய கடன்... கட்டியது நம்ம ஊர் விவசாயி! தட்டிக் கேட்ட எட்மண்ட் பர்க் யார்?

குற்றாலத்துல விழுற தண்ணி சிற்றாறா ஓடி தென்காசி பக்கத்துக் குளங்களை நிரப்புறது நமக்குத் தெரியும். ஆனால், நம்ம ஊர்க் குளங்களைப் பற்றி 1785-லேயே லண்டன் நாடாளுமன்றத்தில் ஒருவர் பேசியது தெரியுமா? அவர்தான் எட்மண்ட் பர்க்.

யார் இவர்?

அயர்லாந்தின் டப்ளினில் 1729-ல் பிறந்தவர். 1765-ல் எம்.பி. ஆனார். அமெரிக்காவுடன் மோதாமல் சமாதானமாகப் போகச் சொல்லி 1775-ல் வாதாடினார். அயர்லாந்து வணிகத்துக்கு ஆதரவாகப் பேசியதால், சொந்தத் தொகுதியான பிரிஸ்டல் வியாபாரிகளே அவர்மீது கோபப்பட்டார்கள்.

அது என்ன நவாப் கடன்?

திருநெல்வேலிச் சீமை அப்போது ஆற்காடு நவாப் முகமது அலியின் ஆட்சியில் இருந்தது. தென்காசி பகுதியும் அதில் அடக்கம். அந்த வரியை எதிர்த்துத்தான் நெற்கட்டும்செவல் பூலித்தேவன் போரிட்டார். படைச் செலவுக்காக நவாப், பால் பென்ஃபீல்டு போன்ற கிழக்கிந்திய கம்பெனி ஊழியர்களிடம் அதிக வட்டிக்குக் கடன் வாங்கினார். அடமானம்? ஊர்களின் வரி வசூல்! அதாவது, வாங்கியது நவாப், கட்டியது விவசாயி.

பர்க் என்ன கேட்டார்?

கடனை விசாரிக்க வேண்டும் என்று 1784-ல் சட்டம் வந்தது. ஆனால் பிட் அரசு விசாரிக்காமலேயே, ஆண்டுக்கு 4,80,000 பவுண்டு கொடுக்க முடிவு செய்தது. 1785 பிப்ரவரி 28-ல் பர்க் கொதித்தெழுந்தார். கணக்கே பொய்யாக இருக்கலாம் என்றார். கர்நாடகம், தஞ்சைப் பகுதிகளில் 10,000-க்குக் குறையாத ஏரி, குளங்கள் இருப்பதாகச் சொன்னார். அவற்றைப் பராமரிக்க வேண்டிய பணம், கடன் கொடுத்தவர்கள் பைக்குப் போகிறது என்பதே அவர் வாதம். இத்தனைக்கும் அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. உறவினர் வில்லியம் பர்க், தஞ்சை அரசரின் முகவராக இருந்ததால் உள்நோக்கம் இருப்பதாக விமர்சனமும் எழுந்தது.

முடிவு என்ன?

பர்க் தரப்பு தோற்றது. பணம் கொடுக்கப்பட்டது. வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது அவர் நடத்திய வழக்கும் 1795-ல் விடுதலையில் முடிந்தது. 1797-ல் பர்க் காலமானார்.

ஆனால் கதை அங்கே முடியல. பிறகு கிளம்பிய புதிய கடன் கணக்குகளை விசாரிக்க 1805-ல் ஆணையம் அமைந்தது. பல ஆண்டுகள் ஆராய்ந்து, கேட்ட தொகையில் பெரும்பகுதியை அது தள்ளுபடி செய்தது. இதே விசாரணையைத்தான் 20 ஆண்டுக்கு முன்பே பர்க் கேட்டார்!