கும்பகோணத்து நியமனம்: உ. வே. சாமிநாதையரின் வாழ்வு

நம் கல்லூரியில் படித்து வெளியேறியவர்களில் பெருந்தொகையினர் ஆசிரியைகள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று என எந்த ஊருக்குப் போனாலும் நம் பழைய மாணவி ஒருவர் அங்கே வெண்கட்டியுடன் நிற்பதைக் காணலாம். அவர்களுள் பலர் ஏதோ ஒரு காலத்தில் இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள்தாம். வீட்டில் வாப்பாவுக்கு நோய், அல்லது கைக்குழந்தை, அல்லது தூரத்துப் பாடசாலைக்கு இடமாற்றம். அரசாங்க நியமனத்தை வைத்துக்கொள்வதா, விட்டுவிட்டு வீட்டிலிருந்தே பிரத்தியேக வகுப்பும் தையலுமாகக் காலத்தை ஓட்டுவதா? இதே கேள்வி நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தமிழறிஞரின் முன்னும் நின்றது. பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் நாம் அறிந்த அவருடைய வாழ்வை அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது பயனுள்ளது.

உ. வே. சாமிநாதையர் 1855 பெப்ரவரி 19 இல் பிறந்தார். அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரம் அவரது குடும்பத்தின் ஊர். தந்தை வேங்கடசுப்பையர் இசையும் கதாகாலட்சேபமும் வல்லவர். அந்தத் தொழிலில் மாதச் சம்பளம் கிடையாது. ஆதரிப்பவர் இருக்கும் ஊருக்குக் குடும்பத்தோடு பெயர்வதும், ஆதரவு வற்றியதும் அடுத்த ஊர் தேடுவதுமாக மகனின் இளமை கழிந்தது. 1868 இல் பதின்மூன்று வயதில் அவருக்குத் திருமணம் நடந்தது. அதற்குப் பட்ட கடன் குடும்பத்தைப் பல காலம் அழுத்தியது.

1871 இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். சாதி சமயம் பாராமல் தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் அவர். நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பயின்றவரே. ஆனால் படிப்பின் நடுவே அம்மை நோய் கண்டு சாமிநாதையர் வீட்டோடு கிடக்க நேர்ந்தது. உடல் தேறியபின், கடனை அடைப்பதற்காகக் காரை என்னும் ஊருக்குப் போய்த் திருவிளையாடற் புராணத்தைப் பாடிப் பொருள் சொல்லும் பிரசங்கம் செய்தார். தந்தையின் தொழிலைப் போலவே இதிலும் நேரமும் இடமும் தம் கையில் இருந்தன, வருவாய் மட்டும் பிறர் மனத்தில் இருந்தது. அந்த வாழ்வின் இனிமையும் நிச்சயமின்மையும் இரண்டுமே அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டன.

மீண்டும் ஆசிரியரிடம் வந்து சேர்ந்தார். 1876 இல் பிள்ளை காலமானார். திருவாவடுதுறை ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் இவரைக் கைவிடவில்லை. மடத்திலேயே தங்கிப் படிக்கவும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லவும் வைத்து, குடியிருக்க வீடும் கொடுத்தார். பெற்றோரும் வந்து சேர்ந்தனர். மணியடிக்கும் பாடசாலையோ மேலதிகாரியோ கிடையாது. நாள் முழுதும் தமிழ். ஒரு புலவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

1880 இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெறும் வேளை வந்தது. அவரும் பிள்ளையின் மாணவரே. தமது இடத்துக்குச் சாமிநாதையரே வரவேண்டும் என்று மடத்துக்கே நேரில் வந்து கேட்டார். தேசிகருக்கு இவரைப் பிரிய மனமில்லை. இவருக்கும் தம்மைத் தாங்கிய இடத்தை விட்டுப் போக மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மடத்து வாழ்வு ஒருவருடைய அன்பை நம்பிய வாழ்வு. கல்லூரி வேலையோ மாதம் ஐம்பது ரூபாய், தவறாமல். கடனும் ஊர் ஊரான அலைச்சலும் எப்படியிருக்கும் என்று அறிந்த மகனுக்கு, முதிர்ந்து வரும் பெற்றோரை வைத்துக்கொண்டு, அந்தத் தவறாமை சிறிய விடயமாகப் பட்டிருக்காது. தேசிகரும் இறுதியில் மனமுவந்து அனுப்பினார். கல்லூரி ஆசிரியர்கள் முன்னிலையில் பாடல்களுக்குப் பொருள் விளக்கிக் காட்டித் தேறிய பின், 1880 பெப்ரவரி 16 இல் சாமிநாதையர் வேலையை ஏற்றார். பழைய இடத்தையும் அவர் முற்றாக விட்டுவிடவில்லை. விடுமுறை நாட்களில் திருவாவடுதுறைக்குப் போய் வந்தார்.

இழப்பு இல்லாமலில்லை. நாள் முழுதும் இருந்த தமிழ், பாடவேளைகளாகச் சுருங்கியது. ஆனால் அந்த ஊரும் அந்த வேலையுமே அவரை வேறொரு வாசலுக்குக் கொண்டுபோயின. அதே ஆண்டு ஒக்டோபர் 21 இல், கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் படித்த அந்தாதிகளையும் புராணங்களையும் இவர் அடுக்க, முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று மட்டும் கேட்டார். இவர் அதைப் படித்ததில்லை. அந்த வெட்கத்திலிருந்தே அவருடைய பெரும்பணி தொடங்கியது. ஏட்டில் புரியாத சமணக் கருத்துகளை ஊரிலிருந்த ஜைனர்களிடம் போய்க் கேட்டுத் தெளிந்தார். பகலில் வகுப்பு, இரவில் ஏடு, விடுமுறையில் ஏடு தேடும் பயணமும் அச்சக வேலையும் என ஆண்டுகள் போயின.

1887 இல் சீவக சிந்தாமணி வெளிவந்தது. பத்துப்பாட்டு 1889 இல், சிலப்பதிகாரம் 1892 இல், புறநானூறு 1894 இல், மணிமேகலை 1898 இல் தொடர்ந்தன. நம் அயலூரான காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947 இல் யாழ் நூலைத் தந்தபோது, அந்த ஆய்வின் வேர் சிலப்பதிகாரத்தில் இருந்தது. கும்பகோணத்து விளக்கொளி நம் கரையையும் தொட்டது என்பதற்கு அதுவே சான்று.

1903 இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறி 1919 இல் ஓய்வு பெற்றார். முப்பத்தொன்பது ஆண்டு அரசாங்க ஆசிரியப் பணி. பின்னர் 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராக இருந்தார். 1932 இல் சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. 1942 ஏப்ரல் 28 இல் காலமானார்.

இந்த வாழ்வைக் காட்டி, நியமனத்தை எவரும் விடக்கூடாது என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது. அவர் ஏட்டோடு விழித்திருந்த இரவுகளில் வீட்டைப் பார்த்தவர்கள் தாயார் சரஸ்வதி அம்மாளும் மனைவி மதுராம்பாளும். நம் சகோதரிகளில் பலருக்கு ஏட்டைப் புரட்டும் கையும் அடுப்பைப் பார்க்கும் கையும் ஒன்றே. உம்மாவின் நோய்ப் படுக்கைக்கு அருகில் இருக்கவென்று வேலையை விட்டவர் தோற்றவரல்லர். ஆயினும் முடிவெடுக்கும்போது அவர் எடைபோட்டதை நாமும் எடைபோடலாம். இன்றைய வசதி எவருடைய தயவில் நிற்கிறது, அந்தத் தயவு நின்றால் வீடு எதில் நிற்கும் என்பதே அது.

இன்னொன்றும் உண்டு. சென்னையில் தமக்கென வாய்த்த வீட்டுக்கு அவர் இட்ட பெயர் தியாகராச விலாசம். தமது நாற்காலியைத் தேடிவந்து கொடுத்த மூத்த மாணவரை வாழ்நாள் முழுதும் வாசலில் எழுதி வைத்திருந்தார். இந்த நூற்றாண்டு மலரைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் அப்படியொரு பெயர் நினைவுக்கு வரும். நாம் விட்டுப்போகும் இடத்துக்கு நமக்குப் பின் வரும் ஒரு பிள்ளையைத் தேடிப்போய் அழைத்து வருவதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி.