தகட்டில் துளையிட்ட கணக்கர்

பொறியியல் தேர்வில் முதல் வகுப்பில் தேறும் நண்பர்கள் நம் மன்றத்தில் பலர் உண்டு. பற்சக்கரங்களின் சுழற்சி விகிதத்தை அவர்கள் நொடியில் கணக்கிட்டு விடுவார்கள். ஆனால் விடுதி அறையில் மேசை விசிறி நின்றுவிட்டால் அதைத் திறந்து பார்க்கக் கை தயங்கும். இக்குறை அவர்களுடையது மட்டும் அன்று. இதை எழுதுகின்ற எனக்கும் உண்டு. நாம் பொறியியலைக் கண்ணால் கற்றோம், கையால் கற்கவில்லை. அவ்வாறு கையால் கற்கும் வாய்ப்பைப் பல தலைமுறைச் சிறுவர்க்குத் தந்த ஒருவருடைய வாழ்க்கையை இங்குச் சொல்ல விரும்புகிறேன். அவர் பொறியியல் படித்தவர் அல்லர். நாற்பத்து நான்காம் வயது வரை பிறர் கணக்கை எழுதி வாழ்ந்தவர். அவர் பெயர் ஃபிராங்க் ஹார்ன்பி.

இங்கிலாந்தின் மேற்குக் கரையில் உள்ள துறைமுக நகரம் லிவர்ப்பூல். அந்நகரில் 1863ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் ஹார்ன்பி பிறந்தார். தந்தையார் ஜான் ஹார்ன்பி உணவுப்பொருள் வணிகர். மகன் பள்ளிப் படிப்பில் சிறந்து விளங்கினார் என்று சொல்வதற்கில்லை. பதினாறு வயதில் பள்ளியை விட்டுத் தந்தையின் கடையில் காசாளராக அமர்ந்தார். ஆனால் தம் முயற்சியால் உயர்ந்த கண்டுபிடிப்பாளர்களின் வரலாறுகளை விரும்பிப் படித்தார். அவர்களைப் போலத் தாமும் ஏதேனும் புதிதாகச் செய்ய வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. ஓயாமல் தானே இயங்கும் பொறி ஒன்றைச் செய்துவிடலாம் என்றுகூட இளமையில் முயன்று பார்த்தார். அது நடவாத செயல் என்பது இன்று முதலாண்டு மாணவருக்கும் தெரியும். அந்த முயற்சி தோற்றது; கருவியைக் கையிலெடுக்கும் பழக்கம் மட்டும் அவரிடம் நிலைத்தது.

1887ஆம் ஆண்டில் பள்ளி ஆசிரியையான கிளாரா என்பவரை மணந்தார். ரோலண்ட், டக்ளஸ் என இரண்டு மகன்களும் பட்ரிசியா என்ற மகளும் பிறந்தனர். 1899இல் தந்தை மறைந்தார், கடையும் மூடப்பட்டது. குடும்பத்தைக் காக்க வேறு வேலை தேட வேண்டியதாயிற்று. லிவர்ப்பூலில் இறைச்சி இறக்குமதி செய்து வந்த டேவிட் எலியட் என்பவரிடம் கணக்கராகச் சேர்ந்தார். முப்பத்தாறு வயது, மூன்று குழந்தைகள், மாதச் சம்பளம். இந்த நிலையில் உள்ள மனிதர் கனவுகளை மூட்டை கட்டி வைப்பதே உலக வழக்கம்.

மாலையில் வீடு திரும்பியதும் ஹார்ன்பி மகன்களுக்காகத் தகரத்தை வெட்டிப் பாலங்களும் வண்டிகளும் செய்து கொடுப்பார். ஒருமுறை கிறிஸ்துமஸ் காலத்தில் ரயிலில் சென்றபோது, சரக்கு நிலையத்தில் பாரந்தூக்கி ஒன்றைக் கண்டு அதைப் போலச் செய்ய வேண்டும் என்று எண்ணியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அங்கேதான் ஓர் இடையூறு எதிர்ப்பட்டது. பாரந்தூக்கிக்கு எத்தனையோ உறுப்புகள் வேண்டும். ஒவ்வொன்றையும் தனியே வெட்டித் தனியே துளையிட வேண்டும். செய்து முடித்தபின் அதைக் கொண்டு வேறொன்றும் செய்ய முடியாது. பிள்ளைகள் நாளை ஒரு பாலம் கேட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தச் சலிப்பிலிருந்து பிறந்ததுதான் அவருடைய சிந்தனை. எல்லா உறுப்புகளையும் ஒரே கணக்கில் அமைத்தால் என்ன? அரை அங்குல அகலமுள்ள தகட்டுப் பட்டைகள்; அவற்றில் அரை அங்குலத்துக்கு ஒன்றாக ஒரே அளவுத் துளைகள். எந்தப் பட்டையை எந்தப் பட்டையின் மேல் வைத்தாலும் துளையோடு துளை பொருந்தும். நட்டும் போல்ட்டும் கொண்டு முடுக்கினால் நிற்கும். கழற்றினால் பழையபடி தனித்தனித் துண்டாகும். அதே துளை போல்ட்டைத் தாங்கும். அச்சுக் கம்பியை நுழைத்தால் அது சுழலவும் இடம் தரும். ஆகவே இன்று பாரந்தூக்கி, நாளை பாலம், மறுநாள் காற்றாலை. ஒரே பெட்டிக்குள் ஓராயிரம் பொருள்கள்!

எண்ணிப் பார்த்தால் இது மிக எளிய செய்திதான். எழுத்துகள் சில, அவற்றைச் சேர்த்து எழுதும் சொற்கள் எண்ணற்றவை. ஆனால் இரும்பிலும் தகரத்திலும் அப்படி ஓர் எழுத்துமுறை அமைத்துக் குழந்தையின் கையில் கொடுக்கலாம் என்பதைக் கண்டுகொண்டவர் அந்தக் கணக்கர்.

கண்டுபிடித்தால் போதுமா? காப்புரிமை பெறப் பணம் வேண்டாமா? அவரிடம் இல்லை. முதலாளி எலியட்டிடம் ஐந்து பவுன் கடன் வாங்கினார். 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எலியட் கடன் கொடுத்ததோடு நில்லாமல் கூட்டாளியாகவும் சேர்ந்தார். தம் அலுவலகத்துக்கு அடுத்த கட்டடத்தில் இடமும் கொடுத்தார். தம்மிடம் கணக்கெழுதும் ஒருவரின் விளையாட்டுச் சாமானில் பணம் போட எத்தனை முதலாளிகள் முன்வருவார்கள்? ஹார்ன்பியின் வரலாற்றில் எலியட்டை மறப்பது நன்றியாகாது.

முதலில் வந்த பெட்டிக்கு ‘மெக்கானிக்ஸ் மேட் ஈஸி’ என்று பெயர். இயந்திரவியலை எளிதாக்கியது என்பது பொருள். பதினாறு வகை உறுப்புகள் இருந்தன. பன்னிரண்டு மாதிரிகளைச் செய்யும் முறையை ஒரு சிறு ஏடு விளக்கியது. விலை ஏழரை ஷில்லிங். உழைப்பாளி குடும்பத்துக்கு அது எட்டாத விலை. உறுப்புகளோ முரட்டுத் தகரத்தில் அமைந்தவை. பளபளக்கும் பொம்மைகளுக்கு நடுவே அவற்றைக் கடைக்காரர்கள் விரும்பவில்லை. லிவர்ப்பூல் பல்கலைக்கழகத்துப் பொறியியல் பேராசிரியர் ஹீல்-ஷா இதன் கல்விப் பயனை உணர்ந்து பாராட்டி எழுதினார். அந்தப் பாராட்டைக் காட்டித்தான் விற்பனை மெல்ல வளர்ந்தது. ஆயினும் தொடக்கத்தில் சில ஆண்டுகள் இலாபமின்றியே கழிந்தன. பகலில் எலியட்டின் கணக்கு, மாலையில் தம் பெட்டிகள் என்று ஹார்ன்பி இரட்டை உழைப்பு உழைத்தார்.

1907இல் ஒரு திருப்பம். உறுப்புகளைச் செய்து கொடுத்தவர்களால் தேவைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. தாமே செய்ய வேண்டும் என்று முடிவு கட்டினார். நாற்பத்து நான்கு வயதில் நிலையான வேலையை விட்டு, லிவர்ப்பூலின் டியூக் தெருவில் கடன் வாங்கிப் பட்டறை தொடங்கினார். அதே ஆண்டில் ‘மெக்கானோ’ என்ற பெயரைப் பதிவு செய்தார். எந்த மொழியினரும் எளிதில் சொல்லக்கூடிய பெயர் அது. அடுத்த ஆண்டு மெக்கானோ நிறுவனம் அமைந்தபோது, எலியட் தொடர விரும்பாமல் விலகிக்கொண்டார். பொறுப்பு முழுவதும் ஹார்ன்பியின் தலைமேல் விழுந்தது.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. 1914இல் லிவர்ப்பூலின் பின்ஸ் சாலையில் பெரிய தொழிற்சாலை எழுந்தது. பிரான்சிலும் அமெரிக்காவிலும் கிளைகள் தோன்றின. 1916இல் ‘மெக்கானோ மேகஸின்’ என்ற இதழைத் தொடங்கினார். பாலங்கள், கப்பல்கள், ரயில் எஞ்சின்கள், விமானங்கள் என்று உலகத்துப் பொறியியல் செய்திகளைச் சிறுவர்க்குப் புரியும்படி அது எடுத்துரைத்தது. 1919இல் மெக்கானோ சிறுவர் சங்கங்களை ஒன்றிணைத்து ஒரு கழகம் கண்டார். வணிகத்துக்கு அது பயன்பட்டது என்பது உண்மை. தனியே தன் அறையில் நட்டு முடுக்கிக்கொண்டிருந்த சிறுவனுக்குத் தோழர்கள் கிடைத்தார்கள் என்பதும் உண்மை.

1920இல் சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வண்டிகளை வெளியிட்டார். முதலில் வந்தவற்றை நட்டு, போல்ட்டு கழற்றி மீண்டும் பூட்டலாம். விளையாட்டு ரயிலிலும் அவர் தம் கொள்கையை விடவில்லை. 1925இல் மின்சார ரயில் வந்தது. அந்த ரயில் நிலையங்களுக்கு அழகு சேர்க்கவென்று செய்யப்பட்ட சிறு வார்ப்பு உருவங்களும் வண்டிகளும் 1934 முதல் ‘டிங்கி டாய்ஸ்’ என்ற பெயரில் தனியே புகழ் பெற்றன. மாதிரி செய்து மகிழும் பொழுதுபோக்கு ஒரு பெருந்தொழிலாக வளர்ந்ததில் இம்மூன்றுக்கும் பெரும் பங்கு உண்டு.

1931இல் லிவர்ப்பூலின் எவர்ட்டன் தொகுதியிலிருந்து கன்சர்வேட்டிவ் கட்சியின் சார்பில் பாராளுமன்றம் சென்றார். உடல்நலம் குன்றியிருந்தது, 1935 தேர்தலில் அவர் நிற்கவில்லை. 1936ஆம் ஆண்டு செப்டம்பர் 21ஆம் நாள் இதயநோயும் நீரிழிவும் வாட்ட, எழுபத்து மூன்றாம் வயதில் லிவர்ப்பூலை அடுத்த மாகல் என்னும் ஊரில் காலமானார். ஐந்து பவுன் கடனோடு தொடங்கியவர் மறைந்தபோது பெருஞ்செல்வர்.

ஆனால் செல்வத்தைக் கொண்டு இவரை அளப்பது சரியன்று. அவர் மறைவதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1934இல், மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்ததைக் கேளுங்கள். பேராசிரியர் டக்ளஸ் ஹார்ட்ரீக்கு அணுவின் அமைப்பைப் பற்றிய கடினமான வகையீட்டுச் சமன்பாடுகளைத் தீர்க்க ஒரு கணிப்பொறி தேவைப்பட்டது. அமெரிக்காவில் வானெவர் புஷ் அமைத்திருந்த பொறியை அவர் கண்டு வந்திருந்தார். அதைப் போன்றதைச் செய்யப் பெரும் பொருள் வேண்டும். கருத்து சரியாக வருமா என்று பார்க்க, ஹார்ட்ரீயும் அவர் மாணவர் ஆர்தர் போர்ட்டரும் பெரும்பாலும் மெக்கானோ உறுப்புகளைக் கொண்டே ஒரு மாதிரி செய்தார்கள். செலவு ஏறத்தாழ இருபது பவுன். விளையாட்டுப் பெட்டியிலிருந்து எழுந்த அந்தப் பொறி உண்மையான கணக்குகளைப் போட்டு, ஆராய்ச்சிக்கு உதவும் அளவுக்கு நெருங்கிய விடைகளைத் தந்தது! அதைக் கண்டபின் முழு அளவுப் பொறிக்குப் பொருளும் கிடைத்தது. அந்த மெக்கானோ பொறியின் ஒரு பகுதி இலண்டன் அறிவியல் காட்சிசாலையில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

அறுபது கார்பன் அணுக்கள் பந்துபோல் இணைந்த மூலக்கூறைக் கண்டறிந்ததற்காக 1996இல் வேதியியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹாரி குரோட்டோவும், சிறுவயதில் மெக்கானோவோடு ஆடியதே தமக்குக் கைத்திறன் கற்பித்தது என்று நினைவுகூர்ந்திருக்கிறார்.

குறையையும் மறைக்காமல் சொல்வோம். ஹார்ன்பியின் பெட்டிகளும் இதழும் விளம்பரங்களும் சிறுவனையே நோக்கின. பின்ஸ் சாலைத் தொழிற்சாலையில் பட்டைகளையும் போல்ட்டுகளையும் பெட்டியிலடைத்தவர்களில் பெண்கள் ஏராளம். அந்தப் பெட்டியைத் திறந்து விளையாடத் தங்கைக்கு அழைப்பில்லை. அன்றைய உலகின் வழக்கம் அது என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் எந்த உறுப்பும் எந்த உறுப்போடும் பொருந்தும் என்று கண்டவர், அந்தக் கருவி எந்தப் பிள்ளையின் கைக்கும் பொருந்தும் என்பதைக் காணவில்லையே!

அவருக்குப் பின் நிறுவனம் சில காலம் செழித்தது. பிறகு போட்டி பெருகிற்று, பிளாஸ்டிக் வந்தது, காலத்துக்கேற்ப மாறத் தாமதமாயிற்று. 1964இல் லைன்ஸ் சகோதரர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. அந்நிறுவனம் 1971இல் வீழ்ந்தபின், பிளாஸ்டிக் மாதிரிகளுக்குப் பேர்போன ஏர்ஃபிக்ஸ் வாங்கியது. 1979 நவம்பரில் பின்ஸ் சாலைத் தொழிற்சாலை மூடப்பட்டது. பல நூறு தொழிலாளர் வேலை இழந்தனர். காலத்தின் விளையாட்டைப் பாருங்கள்: மூடிய ஏர்ஃபிக்ஸ் 1981இல் தானும் நொடித்தது. ரயில்களோடு பிரிந்து சென்ற ஹார்ன்பி என்ற பெயர் வேறொரு நிறுவனத்தில் நிலைத்து நின்றது. அந்நிறுவனமே 2006இல் ஏர்ஃபிக்ஸின் பெயரை விலைகொடுத்து வாங்கிற்று!

தொழிற்சாலைகள் எழும், விழும். அரை அங்குலத்துக்கு ஒரு துளை என்ற எண்ணம் விழவில்லை. நம் நாட்டிலும் துளையிட்ட பட்டைகள் நிறைந்த பெட்டிகளைச் சிறுவயதில் கண்டவர் நம்மில் சிலரேனும் இருப்பர். காணாதவரும் வருந்த வேண்டியதில்லை. ஹார்ன்பி தகரத்தை வெட்டத் தொடங்கியபோது அவர் சிறுவர் அல்லர். பட்டமும் இல்லை, பட்டறையும் இல்லை, வேலை முடிந்த மாலைப் பொழுதுதான் இருந்தது.

நண்பர்களே, மாலைப் பொழுது நமக்கும் இருக்கிறது. அறையில் நின்றுபோன விசிறியும் இருக்கிறது. மின் இணைப்பை எடுத்துவிட்டு, திருப்புளியைக் கையில் எடுப்போம்.